டீச்சரின் தலையசைப்பு

ஷீபாவுக்கும் ஜெபினுக்கும் அப்பா எழுதுவது.

மக்களே, போன வாரம் ஷீபா குவைத்திலிருந்து போன் பண்ணி, ஏதோ படிவத்தில் தகப்பனார் பார்த்த வேலை என்று ஒரு கட்டம் இருக்கிறது, என்ன போட என்று கேட்டாள். அட்டெண்டர் என்று போடு என்றேன். "அட்டெண்டர்னா என்ன செய்யுக ஆளுன்னு இங்க கேக்குகாவ, அப்பா" என்றாள். கதவு திறக்கிறது, பூட்டுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஜெபின், "பியானோவுக்குக் காவல்னு போடச் சொல்லுங்கப்பா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். முப்பத்தொரு வருடம் இசைப்பள்ளியில் கதவு திறந்தேன், பூட்டினேன், பியானோவுக்குக் காவலும் இருந்தேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் வெளியூரில் படித்துக்கொண்டிருந்த ஒரு பங்குனி மாதத்தில் நடந்த காரியத்தை நான் உங்களிடம் சொன்னதே இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் என் வேலையைப் பற்றி நீங்கள் ஒன்றும் தெரியாதவர்களாகத்தான் இருப்பீர்கள்.

நான் மயிலாடியில் கல் கொத்திக்கொண்டிருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கல்தூசி நெஞ்சில் கட்டி இருமல் நிற்காமல் போனபோது, டாக்டர் வேறு வேலை பார் என்றார். நாகர்கோவிலில் இசைப்பள்ளிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சபை போதகர் சொல்லி அனுப்பினார். அங்கே என்னைப் பார்த்தது பியானோ சொல்லித்தருகிற எஸ்தர் டீச்சர். என் சான்றிதழைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"அந்தக் கதவ அடச்சிட்டு வாரும்" என்றார்.

பெரிய இரட்டைக் கதவு. அடைத்தேன்.

"சத்தம் கேட்டுதே. இன்னொருக்க."

மூன்றாவது தடவை கையை நடுவில் வைத்து, கட்டையோடு கட்டை தொடுகிற இடத்தில் விரலால் தாங்கி அடைத்தேன். டீச்சர், "கொள்ளாம். நாளைக்கு வாரும்" என்றார். அதுதான் எனக்கு நடந்த இண்டர்வியூ.

டீச்சர் திருவட்டாறு பக்கத்துக்காரர். பேச்சில் அந்தப் பக்கத்து இழுப்பு இருக்கும். நன்றாக இருக்கிறது என்பதற்கு 'கொள்ளாம்' என்ற ஒரு சொல்தான், அதற்கு மேலே ஏறமாட்டார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். பிள்ளைகள் தப்பாக வாசித்த இடத்தை அதே தப்போடு தானே வாசித்துக்காட்டிவிட்டு, ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது அடியைவிட மோசம் என்று பிள்ளைகள் சொல்லும். இப்போதும் திருவட்டாறில் தங்கை வீட்டில் சுகமாக இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனபோது உங்கள் அம்மை கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்தை எண்ணிப் பார்த்து, "ஒண்ணு குறையுதே, வழியில தின்னீரா?" என்று கேட்டார்.

வேலையைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் பியானோவுக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிட வேண்டும். ஈரம் ஏறினால் கட்டை வீங்கி, அழுத்தினது மேலே வராது. உள்ளே கம்பளித்துணி இருக்கும், எலிக்கு அது மெத்தை. வாரம் ஒருதரம் திறந்து பார்க்க வேண்டும். இதெல்லாம் சாதாரண நாள் வேலை. வருடத்தில் ஒருநாள் வசந்தகாலக் கச்சேரி வரும். அன்றைக்குத்தான் என் உத்தியோகம் முழுவதும்.

அந்தக் கச்சேரிக்கு மைக் கிடையாது. ஒரு பியானோ, ஒரு வயலின், காலுக்கு நடுவில் நிறுத்திவைத்து வாசிக்கிற செல்லோ என்ற பெரிய வாத்தியம், பாடுவதற்கு ஒரு ஆள். அவ்வளவுதான். நாலு பேர் ஒரு வீட்டு அறைக்குள் இருந்து பேசிக்கொள்கிற மாதிரியான சங்கீதம். அதனால் ஃபேன் ஓடக்கூடாது. சத்தம் ஒருபக்கம், தாள் பறப்பது இன்னொரு பக்கம். பங்குனி வெயிலில் ஃபேனை நிறுத்தினால் இருநூறு பேரும் நிகழ்ச்சிநிரல் தாளை எடுத்து விசிறுவார்கள், அது மழை பெய்கிற மாதிரிக் கேட்கும். அதற்காக நிரலைத் தடித்த அட்டையில் அடிக்கச் சொன்னது நான்தான். அட்டை சலசலக்காது. மதியமே ஜன்னல்களில் நனைத்த சாக்கு கட்டித் தொங்கவிடுவேன். ஐந்தரைக்கு அவிழ்த்துவிடுவேன். அதற்குள் கூடம் கொஞ்சம் குளிர்ந்திருக்கும்.

முதல் வருடம் நடந்த ஒரு கூத்தைச் சொல்லவேண்டும். நடுவில் மெதுவான இசைத்துண்டு ஒன்று வாசித்தார்கள். கேட்பதற்கு நம் கீர்த்தனை மாதிரியே இருந்தது. முன்வரிசையில் இருந்த சபை மூப்பர் ஒருவர், ஆலயத்தில் பாட்டுக்கு எழும்புகிற பழக்கத்தில் எழும்பி நின்றுவிட்டார். அவர் எழும்பினதும் பின்னால் உள்ளவர்கள் எழும்ப, கூடம் முழுவதும் எழும்பிவிட்டது. துண்டு பத்து நிமிடம். யாரும் உட்காரத் துணியவில்லை. டீச்சர் தலையைத் திருப்பாமல் வாசித்து முடித்தார். முடிந்த உடனே மூப்பர் சத்தமாக ஆமென் சொன்னார். டீச்சரும் பியானோவில் இருந்தபடியே ஆமென் சொன்னார். வேறு என்ன செய்ய?

இரண்டாம் வருடம்தான் எனக்குப் புது வேலை வந்தது. டீச்சருக்குத் தாள் திருப்புகிற மாணவிக்கு அம்மை போட்டுவிட்டது. பியானோ வாசிக்கிறவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும், பக்கம் முடியும்போது திருப்ப இன்னொருவர் வேண்டும். "தங்கராஜு, நீரு வாரும்" என்றார். தாளில் இருக்கிற அந்தக் கோடும் புள்ளியும், நோட்டு என்பார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் இல்லை. அட்டெண்டருக்கு ஒரு மேடை கிடைக்கிறதே என்ற ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் முறையைச் சொல்லித் தந்தார். இடதுபக்கம் ஒரு அடி பின்னால் இருக்கணும். திருப்புகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எழும்பணும். இடது கையால் தாளின் மேல்முனையைப் பிடிக்கணும், கை அவர் கண்ணை மறைக்கக்கூடாது. தலையை அசைத்தவுடன் ஒரே இழுப்பில் திருப்பி, உட்காரணும். வாட்ச் கட்டக்கூடாது. வெள்ளைச் சட்டை கண்ணைப் பறிக்கும், சாம்பல் நிறம் போடணும். "நீரு அங்க இருக்கீருன்னு ஒரு ஆளுக்கும் தோணப்பிடாது" என்றார். உங்கள் அம்மை, "கச்சேரிக்குப் போற ஆளு இழவு வீட்டுக்குப் போற சட்டைய போட்டுட்டுப் போறீய" என்பாள்.

எனக்கு அந்தத் தலையசைப்பு போதும். கீழே ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். இருபது வருடத்துக்கு மேல் ஒருதரம்கூடத் தப்பவில்லை.

இனிச் சொல்ல வேண்டியது எட்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. கச்சேரிக்கு மூன்று வாரம் இருந்தது. டீச்சருக்கு அறுபத்தெட்டு வயது. பாட்டுக்கு ஜெர்லின் என்று ஒரு பிள்ளை. டீச்சரிடமே படித்தவள், தோவாளையில் பள்ளிக்கூட வாத்திச்சி. ஒத்திகை பார்க்கச் செக்ரட்டரி சார் வந்து கடைசி வரிசையில் இருந்தார். பள்ளியின் நிர்வாகம் அவர் கையில். கெட்ட மனுஷர் இல்லை, எல்லாம் ஒழுங்காக நடக்கவேண்டும் என்கிற வெப்ராளம், பதற்றம் மட்டும் உண்டு.

இரண்டாவது பாட்டில் டீச்சர் தலை அசைந்தது. திருப்பினேன். டீச்சர் கை நின்றது. பாதிப் பக்கத்திலேயே திருப்பிவிட்டேன். மறுபடி தொடங்கினார்கள். மறுபடி தலை அசைந்தது, மறுபடி திருப்பினேன், மறுபடி நின்றது. அப்போதுதான் டீச்சரை நன்றாகப் பார்த்தேன். தலை அசைந்துகொண்டே இருந்தது. வாசிக்காதபோதும் அசைந்தது. சின்னச் சின்ன ஆட்டம். அவருக்கு அது தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் சமயத்திலேயே நான் பார்த்திருக்கிறேன், குளிரோ என்று நினைத்தேன். இப்போது எது அடையாளம், எது ஆட்டம் என்று எனக்குப் பிரித்துப் பார்க்க வழி இல்லை.

செக்ரட்டரி சார் மெதுவாக முன்னால் வந்தார். "டீச்சர், வயசு எல்லாருக்கும் ஆகும். சென்னையிலேருந்து வயலின்காரங்களோட ஒரு பையன் வாறான், பியானோ வாசிப்பான். இன்னும் ரெண்டு வாரத்துல கடைசி ஒத்திகை. அன்னைக்கும் இப்பிடி நின்னு போச்சுன்னா அவன் வாசிக்கட்டும். நீங்க முன்வரிசையில இருங்க. பொன்னாடை போத்துவோம்."

தப்பு செய்தது நான். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. "செரி" என்று மட்டும் சொல்லிப் பியானோவை மூடினார்.

எல்லாரும் போன பிறகு டீச்சர் ஜன்னல் பக்கம் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"டீச்சர், எனக்கு நோட்டு வாசிக்கத் தெரியாது."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"முதல் வருசமே தாளைத் தூசி தட்டித் தலைகீழா வச்சிருந்தீரே."

நான் பியானோ மேல் கிடந்த தாளைத் திரும்பிப் பார்த்தேன். டீச்சர், "அது இல்லே காரியம். இத்தனை வருசம் தப்பாத ஆளு இன்னைக்கு ஏன் தப்புனீரு?" என்றார்.

"உங்க தலையசைப்பு பாத்துத்தான் டீச்சர் நான் திருப்புகேன். இனி வேற ஏதாவது அடையாளம் வேணும்" என்றேன்.

"ஏன், தலையசைப்புக்கு என்ன?"

நான் தரையைப் பார்த்தேன். டீச்சர் கெட்டிக்காரி. என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு ஒரு கையை எடுத்துத் தன் தாடையில் வைத்துப் பிடித்துப் பார்த்தார். கை அசைவது அவருக்கே தெரிந்தது.

"எனக்க தலை ஆடுதா, தங்கராஜு?"

"கொஞ்சம்."

"எத்தனை நாளா?"

"கிறிஸ்துமஸ்லேருந்து."

"ஒருத்தரும் சொல்லல்லியே." நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று மாதமாக எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், அவர் மட்டும் பார்க்கவில்லை. அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிறகு கேட்டார்: "ஆமான்னு ஆடுதா, இல்லேன்னு ஆடுதா?"

"ஆமான்னுதான், டீச்சர்."

"அது கொள்ளாம். இல்லேன்னு ஆடியிருந்தா ஜெர்லின் பாட்ட விட்டுட்டுப் போயிருப்பா."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. டீச்சரும் சிரித்தார். "பொன்னாடையாமே. பங்குனி வெயிலுல எனக்குப் பொன்னாடை!" என்றார்.

"நான் செக்ரட்டரி சார்கிட்ட போய்த் தப்பு என்னோடதுன்னு சொல்லுகேன்."

"எனக்க தலையப் பத்தியும் சொல்லுவீரா?"

"உங்க தலை எதுக்கு? எனக்க கண்ணப் பத்தி மட்டும் சொல்லுகேன்."

சொன்னேன். செக்ரட்டரி சார் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நோட்டு தெரியாத ஆளையா வேய் இத்தனை வருசம் மேடையில உக்கார வச்சிருந்தோம்?" வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஷீபாவுக்கு நர்சிங் இரண்டாம் வருடம் அப்போது. கடைசியில், "ரெண்டு வாரம் இருக்கு. கடைசி ஒத்திகையில ஒரு இடம் தப்புச்சுன்னா, ரெண்டு பேருக்கும் சேத்துப் பொன்னாடை போத்திருவேன்" என்றார்.

இனி என்ன அடையாளம் வைப்பது? டீச்சர் காலைத் தட்டுகிறேன் என்றார். கால் பெடலில் இருக்கிறது, முடியாது. தொண்டையைச் செருமலாம் என்றார். பாட்டுக்கு நடுவில் செருமினால் நன்றாகவா இருக்கும்? பிறகு நான்தான் சொன்னேன், "டீச்சர், எனக்கு டோ ரே மி தெரியும்."

நம் மயிலாடி சபைப் பாடகர் குழுவில் கோடு புள்ளி யாருக்கும் தெரியாது. நாலு குரலையும் ஸரிகம மாதிரி டோ ரே மி என்று வாயால் சொல்லிச் சொல்லித்தான் படிப்போம். சித்தாளும் கொத்தனும் கறிக்கடைக்காரனும் அப்படிப் படித்துத்தான் ஈஸ்டருக்குப் பெரிய பெரிய பாட்டெல்லாம் பாடினோம். நான் டெனர், ஆண்களில் மேல்குரல். ஒரு மெட்டைக் கேட்டால் அது டோவா மீயா என்று எனக்குத் தானாக வாயில் வரும்.

டீச்சர் பியானோவைத் திறந்தார். "அப்போ நீரு என்னைப் பாக்க வேண்டாம். கேளும்" என்றார்.

அந்த இரண்டு வாரமும் மாலை நாலு மணிக்கு வகுப்பு முடிந்ததும் இருந்தோம். மொத்தம் பத்தொன்பது இடத்தில் திருப்ப வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் வருகிற மெட்டை டீச்சர் வாசிப்பார். நான் சொல்லுவேன்: மி ரே டோ, ஸோ லா ஸோ. அதைத் தமிழில் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொள்ளுவேன். மறுநாள் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். வயலினும் செல்லோவும் சேர்ந்து வருகிற இடத்தை டீச்சர் பியானோவிலேயே வாசித்துக்காட்டுவார், அங்கே எனக்குக் குழம்பும். "வயலின விடும். செல்லோ வயசான மனுஷன் மாதிரி, மெதுவா நடப்பாரு. அவருக்க பொறத்தாலே போம்" என்றார். போனேன். அவர் சொன்னது சரிதான்.

பாட்டுக்களில் ஒன்று மூன்று சரணம் உள்ளது, பாஷை ஜெர்மன். டீச்சர் எனக்கு அர்த்தம் சொன்னார். ஒரு பெண் காற்றோடு பேசுகிறாள். முதல் சரணத்தில், எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்கிறாள். இரண்டாவதில், வருகிற வழியில் என் ஆளைப் பார்த்தாயா என்று கேட்கிறாள். மூன்றாவதில் காற்று போய்விடுகிறது, மரம் மட்டும் ஆடுகிறது. முதல் இரண்டும் மி-யில் தொடங்கும். மூன்றாவது லா-வில் தொடங்கும், கேட்டாலே மனசு கனக்கும். டீச்சருக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். "கேக்கவேண்டியத கேட்டுட்டா பாரும்" என்பார்.

கடைசி ஒத்திகையில் பத்தொன்பது இடமும் சரியாக வந்தது. நான் டீச்சரின் தலையைப் பார்க்கவே இல்லை. செக்ரட்டரி சார் எழும்பிப் போகும்போது என்னைப் பார்த்து, "நிரலு அட்டையில அடிச்சாச்சா?" என்று மட்டும் கேட்டார். சென்னைப் பையன் வாசிக்கப் போவதில்லை என்று நாங்கள் புரிந்துகொண்டோம்.

கச்சேரி அன்று ஆறு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. ஃபேனை நிறுத்தினேன், கதவை அடைத்தேன், போய் என் நாற்காலியில் இருந்தேன். டீச்சரின் தலை வழக்கத்தைவிட அதிகமாக ஆடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் காதோடு காதாகப் பேசிக்கொள்வது தெரிந்தது. ஒரே ஒரு இடம் நின்றால் போதும், அவர்கள் நினைப்பது சரி என்று ஆகிவிடும். நான் தலையைக் குனிந்து செல்லோவின் பின்னால் நடந்தேன்.

காற்றுப் பாட்டு வந்தது. முதல் சரணம் முடிந்து, பியானோ மட்டும் கொஞ்சம் தனியாக ஓடும். அதில் மி ரே டோ வந்தது. எழும்பி இரண்டாவது சரணத்துக்குத் திருப்பினேன். சரணத்தின் முதல் இரண்டு ஸ்வரத்தை ஜெர்லின் தனியாகப் பாட வேண்டும், பிறகுதான் பியானோ சேரும். ஜெர்லின் வாயைத் திறந்தாள். லா வந்தது.

மூன்றாவது சரணம். பிள்ளை பதற்றத்தில் ஒரு சரணத்தைத் தாண்டிவிட்டாள்.

தாளில் இருப்பது இரண்டாவது. இனி ஒரு ஸ்வரம்தான் இருக்கிறது. நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். உட்காராமல் நின்ற நிற்பில் என் கை இன்னொரு தாளையும் திருப்பிவிட்டது. டீச்சரின் கை பியானோவில் இறங்கியபோது கண் முன்னால் மூன்றாவது சரணம் இருந்தது. ஒரு மயிரிழைகூட நிற்கவில்லை. பாட்டு அப்படியே போய் முடிந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். ஜெர்லினுக்கு அப்போதுதான் விளங்கியது, முகம் வெளிறிப்போனது.

முடிந்த பிறகு உள்ளறையில் அவள் அழுதாள். "டீச்சர், உங்களுக்குப் பிடிச்ச சரணத்தையே விட்டுட்டேனே."

"அழாத பிள்ளே. கேட்டவங்க ஒருத்தருக்கும் தெரியாது. தங்கராஜுக்குத் தெரியும், அவரு சொல்லமாட்டாரு" என்றார் டீச்சர். பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டாமத்த தாளை எப்பிடித் திருப்புனீரு? நான் தலையாட்டினேனா?" என்று கேட்டார்.

"நீங்க ஆட்டிக்கிட்டேதான் இருந்தீய, டீச்சர். நான் பாக்கல்ல. பாட்டு அங்க போச்சு, நானும் போனேன்."

டீச்சர் கொள்ளாம் என்று சொல்லவில்லை. என் சாம்பல் சட்டையின் கையில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துக் கீழே போட்டார். செக்ரட்டரி சார் வாசலில் நின்று, "அடுத்த வருசம் பாட்டுக்களை இப்பவே தீர்மானிச்சிருங்க டீச்சர்" என்றார். அதற்குப் பிறகு டீச்சர் மூன்று வருடம் வாசித்தார். தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. டாக்டரைப் பார்த்தார், ஆபத்து ஒன்றும் இல்லை என்றார்கள். யாராவது உற்றுப் பார்த்தால், "ஆமான்னுதானே ஆடுகு, உமக்கென்ன?" என்று கேட்பார்.

அந்தக் கச்சேரிக்கு மறுநாள் காலை எட்டு மணிக்குக் கூடத்தைச் சுத்தம் செய்யப் போனேன். ஒருவரும் வரவில்லை. நாற்காலிகளை அடுக்கினேன், கிடந்த அட்டைகளைப் பொறுக்கினேன். பாட்டுத்தாள் பியானோவின் மேலேயே இருந்தது. எடுத்து அலமாரியில் வைக்கப் போனவன், காற்றுப் பாட்டை விரித்து, இரண்டாவது சரணத்தை எடுத்துவைத்தேன்.

டீச்சரின் இருக்கையில் இருக்கவில்லை. என் நாற்காலியில்தான் இருந்தேன். மி என்று பிடித்தேன். பெண்குரலுக்கு உள்ள பாட்டு, எனக்கு எட்டாது, கீழே இறக்கிக்கொண்டேன். ஜெர்மன் வார்த்தை தெரியாததால் டோ ரே மி என்றே பாடினேன். நேற்று கேட்காமல் போன கேள்வியை முதலிலிருந்து கடைசிவரை, அவசரப்படாமல் பாடினேன். முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் எழும்பி, மேல்முனையை இடது கையால் பிடித்து, தாளைத் திருப்பினேன்.